இரண்டாவது விபத்து

1954 ஜனவரி 10 அன்று ரோம் நகரிலிருந்து லண்டனுக்குக் கிளம்பிய காமெட் ஜெட் விமானம், இத்தாலியின் எல்பா தீவுக்கு அருகே வானத்திலேயே சிதறிக் கடலில் விழுந்தது. அதில் இருந்த 35 பேரும் இறந்தனர். உலகின் முதல் ஜெட் பயணிகள் சேவையை 1952 மே மாதம் தொடங்கிவைத்த விமான வகை அது. புரொப்பெல்லர் விமானங்களின் அதிர்விலும் இரைச்சலிலும் பயணம் செய்து பழகியவர்களுக்கு, மேகங்களுக்கு மேலே ஏறி அமைதியாக மிதந்த காமெட் வேறொரு யுகத்தைச் சேர்ந்ததாகத் தெரிந்தது. விபத்து நடந்ததும் காமெட் விமானங்கள் நிறுத்தப்பட்டன. வல்லுநர்கள் கூடிப் பேசி, இதுவாக இருக்கலாம், அதுவாக இருக்கலாம் என்று ஊகித்துப் பல மாற்றங்களைச் செய்தார்கள். உண்மையான காரணம் தெரியவில்லை. ஆனாலும் மார்ச் 23 அன்று மறுபடியும் பறக்க அனுமதி கிடைத்தது. பதினாறு நாள் கழித்து, ஏப்ரல் 8 அன்று, ரோமிலிருந்து கெய்ரோவுக்குப் போன இன்னொரு காமெட் நேப்பிள்ஸ் அருகே அதேபோலச் சிதறியது. 21 பேர் இறந்தனர்.

முதல் விபத்துக்கு யாரும் அறியாத காரணம் இருந்தது என்று சொல்லலாம். இரண்டாவதற்கு அப்படிச் சொல்ல முடியாது. ஏதோ ஓர் ஆபத்து இருக்கிறது என்ற செய்தி அப்போது எல்லோருடைய கையிலும் இருந்தது. விமானப் பயணத்தின் பாதுகாப்பு வரலாற்றைப் புதிய இயந்திரங்களின், புதிய கருவிகளின் கதையாக எழுதுவதுதான் வழக்கம். எனக்கு அந்த வரலாறு வேறு விதமாகத் தெரிகிறது. ஒரு விபத்தில் கிடைத்த அறிவு, அது தேவைப்படும் அடுத்த விமானியிடமும் அடுத்த பொறியாளரிடமும் நேரத்தோடு போய்ச் சேர்ந்ததா என்பதுதான் அதில் திரும்பத் திரும்ப வரும் கேள்வி. சேர்ந்த இடங்களில் நூற்றுக்கணக்கானோர் பிழைத்தார்கள். சேராத இடங்களில் அதே விபத்து இன்னொரு முறை நடந்தது.

இரண்டாவது காமெட் விழுந்த பிறகு பிரிட்டன் செய்த ஆய்வு இன்றைக்குப் படித்தாலும் வியப்பைத் தருகிறது. எல்பா அருகே கடலடியில் கிடந்த சிதறல்களைக் கடற்படை ஒவ்வொன்றாக எடுத்து வந்தது. ஃபார்ன்பரோவில் இருந்த அரசு விமான ஆய்வு நிலையத்தில் ஒரு முழு காமெட்டின் உடலைப் பெரிய தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்தார்கள். உள்ளேயும் தண்ணீரை நிரப்பி, அழுத்தத்தை ஏற்றினார்கள், இறக்கினார்கள், மறுபடி ஏற்றினார்கள். ஒவ்வொரு முறை மேலே ஏறும்போதும் விமானத்தின் உடல் உள்ளிருக்கும் காற்றால் சற்றே உப்புகிறது, இறங்கும்போது சுருங்குகிறது. அந்த உப்பலையும் சுருக்கத்தையும்தான் தொட்டிக்குள் நடத்திப் பார்த்தார்கள். காற்றுக்குப் பதில் தண்ணீரைப் பயன்படுத்தியதற்குக் காரணம் உண்டு. தண்ணீர் அழுத்தத்தில் சுருங்காது. அதனால் உடல் கிழிந்தாலும் வெடித்துச் சிதறாது, கிழிசல் எங்கே தொடங்கியது என்பதைப் பார்த்துவிடலாம். ஏறக்குறைய 3,000 பறத்தல்களுக்குச் சமமான சுழற்சிகள் முடிந்தபோது, ஒரு ஜன்னலின் மூலையிலிருந்து உலோகத் தகடு கிழிந்தது. விழுந்த இரு விமானங்களும் அந்த அளவுக்குக்கூடப் பறந்தவை அல்ல. ஒன்று 1,290 முறையும் மற்றொன்று 900 முறையும் பறந்திருந்தன.

ஒரு கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் பட்டென்று ஒடியும். ஒரு முறை வளைப்பதற்கான பலம் அதனிடம் ஏராளமாக இருந்திருக்கும். ஆயிரமாவது முறைக்கு இருக்காது. பொறியாளர்கள் இதை உலோகச் சோர்வு என்கிறார்கள். சதுரத்தை ஒத்த திறப்புகளின் மூலைகளில் இழுவிசை குவியும், அங்கேதான் கண்ணுக்குத் தெரியாத முதல் விரிசல் விழும். அதன் பிறகு வந்த விமானங்களில் தகடு தடித்தது, திறப்புகளின் வடிவம் மாறியது, ஓரிடத்தில் விரிசல் விழுந்தாலும் அது முழு உடலையும் கிழிக்காதபடி சட்டங்கள் அமைந்தன. விமானத்தின் முழு உடலையும் இப்படிச் சோர்வுச் சோதனைக்கு உட்படுத்துவது வழக்கமாயிற்று.

பிரிட்டன் இந்த முடிவுகளைப் பூட்டி வைக்கவில்லை. பகிரங்க விசாரணை நடந்தது, கண்டறிந்தவை வெளியாயின. அமெரிக்கப் போட்டியாளர்களும் அதைப் படித்தார்கள். 1958 அக்டோபரில் திருத்தப்பட்ட காமெட் அட்லாண்டிக் கடலைத் தாண்டிச் சேவையைத் தொடங்கிய சில வாரங்களிலேயே போயிங் 707 களமிறங்கி ஜெட் யுகத்தைத் தனதாக்கிக்கொண்டது. ஒரு நாட்டின் தொழில் பெருமைக்கு அது பெரிய அடி. ஆனால் தன் தோல்வியின் விவரத்தை அந்த நாடு அப்படித் திறந்து வைத்ததால் காப்பாற்றப்பட்ட உயிர்களை யாராலும் எண்ண முடியாது.

காமெட் விசாரணையில் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னிலும் ஒரு குழு பங்கேற்றது. அதில் டேவிட் வாரன் என்ற வேதியியலாளர் இருந்தார். விழுந்தவர்கள் யாரும் பிழைக்கவில்லை, பார்த்த சாட்சியும் இல்லை. அந்தக் கடைசி நிமிடங்களில் விமானிகள் என்ன பேசினார்கள் என்பது மட்டும் பதிவாகியிருந்தால் எவ்வளவு தெரிந்திருக்கும் என்று அவர் நினைத்தார். அந்த நினைப்புக்கு வேறொரு வேரும் உண்டு. 1934இல், அவருக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, அவருடைய தந்தை பாஸ் நீரிணையில் காணாமல்போன ஒரு பயணிகள் விமானத்தில் இறந்தார். தந்தை கடைசியாக வாங்கித் தந்த பரிசு ஒரு சிறிய வானொலிப் பெட்டி. மின்னணுப் பொருள்களின் மீது வாரனுக்கு ஏற்பட்ட பற்று அங்கேதான் தொடங்கியது. அவர் உருவாக்கிய முன்மாதிரி, நான்கு மணி நேரப் பேச்சையும் எட்டுக் கருவிகளின் அளவீடுகளையும் எஃகுக் கம்பியில் பதிவு செய்தது. அவருடைய சொந்த நாடே முதலில் அதைப் பொருட்படுத்தவில்லை. விமானிகள் அதை வேவு பார்க்கும் கருவி என்று எதிர்த்தார்கள். 1960இல் குயின்ஸ்லாந்தின் மக்கே அருகே ஒரு விமானம் கடலில் விழுந்து 29 பேர் இறந்து, காரணம் கடைசிவரை தெரியாமலே போன பிறகுதான் நிலைமை மாறியது. விமானி அறைப் பேச்சைப் பதிவு செய்வதை முதலில் கட்டாயமாக்கிய நாடு ஆஸ்திரேலியா. நாம் கறுப்புப் பெட்டி என்று அழைப்பது, இடிபாடுகளுக்கு நடுவே எளிதாகக் கண்ணில் படுவதற்காக ஆரஞ்சு நிறம் பூசப்பட்டது.

பதிவு செய்வது ஒரு பாதி வேலை. பதிவில் உள்ளதைக் கேட்டு நடக்க ஆள் வேண்டும். 1972க்கும் 1974க்கும் இடையே நடந்ததைப் படிக்கும்போதெல்லாம் என் மனம் அமைதியிழக்கிறது.

1972 ஜூன் 12 அன்று கனடாவின் வின்ட்சர் நகருக்கு மேலே பறந்துகொண்டிருந்த டிசி-10 விமானத்தின் பின்பக்கச் சரக்கு அறைக் கதவு பிய்த்துக்கொண்டு போனது. அந்தக் கதவு வெளிப்பக்கமாகத் திறப்பது. உள்ளே கொக்கிகள் சரியாக மாட்டாவிட்டாலும், பலமாக அழுத்தினால் வெளிக் கைப்பிடி மூடிக்கொள்ளும். பார்ப்பவருக்குக் கதவு பூட்டியதாகவே தெரியும். மேலே ஏறியதும் உள்ளழுத்தம் கதவைத் தள்ளியது. சரக்கு அறையின் காற்று ஒரு நொடியில் வெளியேற, அதற்கு மேலே இருந்த பயணிகள் தளம் பாரம் தாங்காமல் அமிழ்ந்தது. வாலுக்குப் போகும் கட்டுப்பாட்டுக் கம்பிகள் அந்தத் தளத்தின் அடியில்தான் ஓடின. அவற்றில் பெரும்பகுதி செயலிழந்தும் விமானம் தப்பியதற்குக் காரணம், அதன் கேப்டன் பிரைஸ் மெக்கார்மிக் எஞ்சின்களின் வேகத்தை மட்டும் கூட்டிக் குறைத்து டிசி-10ஐ ஓட்ட முடியுமா என்று முன்பே சிமுலேட்டரில் பழகிப் பார்த்திருந்ததுதான். 67 பேரும் உயிரோடு இறங்கினார்கள்.

இதைவிடத் தெளிவான எச்சரிக்கை எந்தத் தொழிலுக்கும் கிடைக்காது. விமான உடலைத் தயாரித்த துணை ஒப்பந்த நிறுவனத்தின் பொறியாளர் டான் ஆப்பிள்கேட், இரண்டே வாரத்தில் தன் மேலிடத்துக்கு ஒரு குறிப்பு எழுதினார். வரும் இருபது ஆண்டுகளில் டிசி-10 சரக்குக் கதவுகள் திறந்துகொள்வது தவிர்க்க முடியாதது, அப்படித் திறந்தால் பெரும்பாலும் விமானமே அழியும் என்பது அதன் சாரம். அந்தக் குறிப்பு நிறுவனத்தின் சுவரைத் தாண்டவில்லை. கட்டாய உத்தரவு பிறப்பிக்க வேண்டிய அமெரிக்க விமான நிர்வாகத்தின் தலைவர், தயாரிப்பாளருடன் தொலைபேசியில் பேசி, கனவான்களின் ஒப்பந்தம் என்று பின்னாளில் பெயர்பெற்ற ஓர் ஏற்பாட்டோடு முடித்துக்கொண்டார். கொக்கி மாட்டியதா என்று பார்க்கக் கதவில் ஒரு சிறு துளை வைத்தார்கள், அருகே எச்சரிக்கை வாசகம் ஒட்டினார்கள்.

1974 மார்ச் 3 அன்று பாரிஸிலிருந்து கிளம்பிய துருக்கிய டிசி-10 விமானத்தில் வாசகம் ஆங்கிலத்திலும் துருக்கிய மொழியிலும் இருந்தது. கதவை மூடிய தொழிலாளிக்கு இரண்டுமே படிக்கத் தெரியாது. அந்த விமானத்தில் பலப்படுத்தும் தகடு பொருத்தியாயிற்று என்று தயாரிப்பு ஆவணத்தில் முத்திரை இருந்தது, தகடு பொருத்தப்படவில்லை. பாரிஸுக்கு அருகே எர்மெனான்வில் காட்டுக்கு மேலே கதவு பறந்தது, தளம் இடிந்தது, கம்பிகள் அறுந்தன. 346 பேர் இறந்தனர். வின்ட்சரில் தெரிந்ததைத் தவிர இதில் புதிதாகத் தெரிந்துகொள்ள ஒன்றுமே இல்லை. கதவுகளை மாற்றுவதும், காற்று வெளியேற வழிவிடும் துளைகளைத் தளத்தில் வைப்பதும் அதற்குப் பிறகுதான் கட்டாயமாயின.

அதே 1974இன் டிசம்பர் 1 அன்று இன்னொரு பாடம். வாஷிங்டனின் டல்லஸ் விமான நிலையத்தை நெருங்கிக்கொண்டிருந்த, டிடபிள்யூஏ என்ற அமெரிக்க நிறுவனத்தின் விமானம், வர்ஜீனியாவின் மவுண்ட் வெதர் மலையில் மோதி 92 பேர் இறந்தனர். இறங்குவதற்கான அணுகல் அனுமதி கிடைத்ததும், உடனே தாழ்வான உயரத்துக்குப் போகலாம் என்று விமானிகள் புரிந்துகொண்டார்கள். உயரத்தைத் தாம் கட்டுப்படுத்தவில்லை, விமானியே மலையைப் பார்த்துக்கொள்வார் என்று தரைக் கட்டுப்பாட்டாளர் நினைத்தார். ஆறு வாரத்துக்கு முன் வேறொரு நிறுவனத்தின் விமானம் அதே இடத்தில், அதே குழப்பத்தால் மலையில் மோதவிருந்து மயிரிழையில் தப்பியிருந்தது. அந்த நிறுவனம் தன் விமானிகள் எல்லோரையும் எச்சரித்தது. மற்ற நிறுவனங்களின் விமானிகளுக்குச் சொல்வதற்கு ஒரு வழியே இல்லை.

அந்த வழியை அமைத்ததுதான் விமானப் பயணம் கண்ட மிகப் பெரிய முன்னேற்றம் என்று நான் கருதுகிறேன்; ஜெட் எஞ்சினைக்கூட அதற்கு அடுத்துதான் வைப்பேன். 1976இல் நாசா நடத்தும் ரகசியத் தெரிவிப்பு முறை தொடங்கியது. தான் செய்த தவற்றை விமானி தானே எழுதி அனுப்பலாம். பெயர் நீக்கப்படும், வேண்டுமென்றே செய்யாத தவறுக்குத் தண்டனையிலிருந்து பாதுகாப்பு உண்டு, விவரம் எல்லோருக்கும் போகும். விமானிகளைத் தண்டிக்கும் அதிகாரமுள்ள அலுவலகத்திடம் அந்தப் பொறுப்பைத் தராமல் நாசாவிடம் தந்ததில்தான் அதன் நம்பகம் இருக்கிறது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட அறிக்கைகள் வந்து சேர்ந்துள்ளன. விபத்தாக மாறாமல் போன தவறுகளின் கிடங்கு அது. சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பின் விசாரணை விதிகளும் இதே மனநிலையில் எழுதப்பட்டவை: விசாரணையின் ஒரே நோக்கம் அடுத்த விபத்தைத் தடுப்பது, யார்மீதும் பழி சுமத்துவது அதன் வேலை அல்ல. துயரத்தில் இருக்கும் குடும்பங்களுக்கு இந்த வரி கசப்பாக இருக்கும், அது எனக்குப் புரிகிறது. நீதிமன்றங்கள் தனியாக இருக்கின்றன. ஆனால் தண்டனைக்குப் பயந்தவர் வாயைத் திறக்க மாட்டார், அவர் வாயை மூடினால் அடுத்த விமானத்துக்குச் செய்தி போகாது.

மலையில் மோதும் விபத்துகளுக்குக் கருவியாலும் பதில் கிடைத்தது. தரை நெருங்கும்போது குரல் எழுப்பி எச்சரிக்கும் கருவியை டான் பேட்மன் என்ற பொறியாளர் உருவாக்கியிருந்தார். மவுண்ட் வெதருக்குப் பின் அமெரிக்கா அதைக் கட்டாயமாக்கியது. முதல் வடிவத்துக்கு நேர் கீழே இருக்கும் தரை மட்டுமே தெரியும்; எதிரே செங்குத்தாக எழும் மலை தெரியாது. 1990களில் உலகின் நிலவரைபடத்தையே கருவிக்குள் ஏற்றினார்கள். சோவியத் ஒன்றியம் கலைந்தபோது வெளியே வந்த ராணுவ வரைபடங்களையும் பேட்மன் தேடி வாங்கினார். தன் வாழ்நாளில் அவரளவுக்கு உயிர்களைக் காத்த பொறியாளர்கள் அரிது.

கருவிகள் பேசக் கற்றுக்கொண்ட அதே காலத்தில், விமானி அறைக்குள் மனிதர்கள் ஒருவரோடொருவர் பேசக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. 1977 மார்ச் 27 அன்று டெனரிஃப் தீவின் ஓடுபாதையில் இரண்டு போயிங் 747 விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். இன்றுவரை அதைவிடப் பெரிய விமான விபத்து நடக்கவில்லை. அவற்றில் எந்த விமானத்திலும் கோளாறு இல்லை. பக்கத்துத் தீவின் விமான நிலையத்தில் குண்டு வெடித்ததால் பல விமானங்கள் அந்தச் சிறிய நிலையத்துக்குத் திருப்பிவிடப்பட்டிருந்தன. மேகம் இறங்கி ஓடுபாதையை மூடியிருந்தது. பணி நேர வரம்பு நெருங்கியதால் டச்சு விமானத்தின் கேப்டன் அவசரத்தில் இருந்தார். கிளம்பிய பின் செல்ல வேண்டிய பாதையைக் கட்டுப்பாட்டாளர் வாசித்தார். அதில் புறப்பாட்டைக் குறிக்கும் டேக்-ஆஃப் என்ற ஆங்கிலச் சொல்லும் வந்தது. கேப்டன் எஞ்சின் வேகத்தைக் கூட்டினார். நாங்கள் புறப்பாட்டில் இருக்கிறோம் என்று துணை விமானி வானொலியில் சொன்னதை, புறப்படத் தயாராக நிற்கிறார்கள் என்று கட்டுப்பாட்டாளர் எடுத்துக்கொண்டார். காத்திருங்கள் என்று அவர் சொன்ன கணத்தில், நாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறோம் என்று அமெரிக்க விமானமும் பேசியது. இரண்டு குரல்களும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, டச்சு விமானிகளின் காதில் வெறும் கீச்சொலியாகக் கேட்டது.

அதற்குப் பிறகும் ஒரு வாய்ப்பு இருந்தது. அந்த அமெரிக்க விமானம் இன்னும் விலகவில்லையா என்று பின்னால் இருந்த விமானப் பொறியாளர் கேட்டார். விலகிவிட்டது என்று கேப்டன் அழுத்தமாகச் சொன்னார். நிறுவனத்தின் 747 பயிற்சிக்கே தலைவராக இருந்தவர் அவர். பொறியாளர் மேற்கொண்டு பேசவில்லை.

அந்த விபத்தின் விளைவாக வந்த விதி மிக எளியது, இன்றும் ஒவ்வொரு ஓடுபாதையிலும் நடைமுறையில் இருக்கிறது. விமானம் ஓடத் தொடங்குவதற்கான அனுமதியைத் தரும்போதும் அதை ரத்து செய்யும்போதும் தவிர, புறப்பாட்டைக் குறிக்கும் அந்த ஆங்கிலச் சொல்லை யாரும் வானொலியில் உச்சரிக்கக் கூடாது. மற்ற இடங்களில் வேறு சொல்லைத்தான் பயன்படுத்த வேண்டும். சொல்லைத் திருத்தியாயிற்று, கேப்டனை மறுத்துப் பேசத் தயங்கும் பழக்கத்தைத் திருத்த இன்னொரு விபத்து தேவைப்பட்டது. 1978 டிசம்பரில் அமெரிக்காவின் போர்ட்லண்ட் அருகே ஒரு கேப்டன் சக்கரங்கள் சரியாக இறங்கினவா என்ற சந்தேகத்திலேயே மூழ்கி வட்டமிட்டுக்கொண்டிருக்க, எரிபொருள் தீர்ந்து விமானம் விழுந்தது. பத்துப் பேர் இறந்தனர். எரிபொருள் குறைவதை உடன் இருந்தவர்கள் ஜாடையாகச் சொன்னார்கள், உரக்கச் சொல்லவில்லை. மறு ஆண்டு நாசா கூட்டிய பட்டறையிலிருந்து குழுவாகச் செயல்படும் பயிற்சி முறை பிறந்தது. இளையவர் தயங்காமல் சொல்ல வேண்டும், மூத்தவர் கேட்டுக்கொள்ள வேண்டும் என்பதே அதன் அடிப்படை. பதவி மரியாதை ஊறிப்போன விமானி அறைகளில் இது லேசான மாற்றமாக இருக்கவில்லை.

அந்தப் பயிற்சி என்ன செய்யும் என்பதை 1989 ஜூலை 19 காட்டியது. அமெரிக்காவின் அயோவா மாநிலத்துக்கு மேலே ஒரு டிசி-10 விமானத்தின் வால் எஞ்சினில் விசிறித் தட்டு உடைந்து, விமானத்தின் அசையும் பகுதிகளைத் திரவ அழுத்தத்தால் இயக்கும் மூன்று ஹைட்ராலிக் அமைப்புகளையும் அறுத்தது. திசை திருப்ப, ஏற, இறங்க, எதற்கும் வழியில்லை. அந்த நிலைமைக்குக் கையேட்டில் ஒரு பக்கம்கூடக் கிடையாது. அதே நிறுவனத்தின் டிசி-10 பயிற்சியாளர் டென்னி ஃபிட்ச் அன்று பயணியாக வந்திருந்தார். நான்கு ஆண்டுகளுக்கு முன், 1985இல், ஜப்பான் ஏர்லைன்ஸ் 747 ஒன்று இப்படித்தான் ஹைட்ராலிக் முழுவதையும் இழந்து 520 பேர் இறந்தனர். 1978இல் அதன் வால் தரையில் உரசியபோது, உள்ளழுத்தத்தைத் தாங்கும் பின்சுவரைப் பழுதுபார்த்தவர்கள் இணைப்புத் தகட்டைத் தவறாகப் பொருத்தியிருந்தார்கள். ஏழு ஆண்டு கழித்து அந்தச் சுவர் வெடித்து வால் செங்குத்துப் பகுதியைப் பெயர்த்துக்கொண்டு போயிருந்தது. அந்த விபத்தைப் படித்த ஃபிட்ச், எஞ்சின் வேகத்தை மட்டும் வைத்து விமானத்தைக் கட்டுப்படுத்த சிமுலேட்டரில் பயிற்சி எடுத்திருந்தார். கேப்டன் ஆல் ஹேன்ஸ் அவரை உடனே உள்ளே அழைத்தார். நான்கு பேரும் பேசிப் பேசி, சூ சிட்டி நிலையத்தின் ஓடுபாதை வரை விமானத்தைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். தரையில் மோதி உடைந்து எரிந்த அந்த விமானத்திலிருந்து 296 பேரில் 184 பேர் பிழைத்தார்கள். ஜப்பானிய மலைச்சரிவில் இறந்தவர்களின் செய்தி, அவர்களை அறியாத ஒருவரிடம் சரியான நேரத்தில் போய்ச் சேர்ந்திருந்தது.

எதிரெதிரே வரும் விமானங்களின் கதைக்கு வருகிறேன். 1996 நவம்பர் 12 மாலையில் டெல்லிக்கு மேற்கே சர்க்கி தாத்ரி நகரின் வானில் சவுதி 747 விமானமும் கஜகஸ்தானின் இல்யூஷின் விமானமும் மோதி 349 பேர் இறந்தனர். வானில் நடந்த மோதல்களில் அதுவே மிகக் கொடியது. டெல்லியிலிருந்து ஏறும் விமானமும் இறங்கும் விமானமும் ஒரே பாதையைப் பயன்படுத்தின. கட்டுப்பாட்டாளரின் ராடார் திரையில் விமானம் இருக்கும் இடம் தெரியும், உயரம் தெரியாது. 15,000 அடியில் நிற்க வேண்டிய இல்யூஷின் அதற்குக் கீழே இறங்கியது. சவுதி விமானம் 14,000 அடியில் வந்துகொண்டிருந்தது. அதன் பிறகு வருகைக்கும் புறப்பாட்டுக்கும் தனிப் பாதைகள் வந்தன, உயரம் காட்டும் ராடார் வந்தது, மோதல் தவிர்ப்புக் கருவி இந்திய வானில் கட்டாயமாயிற்று.

அந்தக் கருவி, அருகே வரும் விமானத்தின் கருவியோடு தானே பேசிக்கொள்ளும். ஒன்றை ஏறச் சொன்னால் மற்றதை இறங்கச் சொல்லும். தரையிலிருக்கும் மனிதரை அது கேட்பதில்லை. அங்கேதான் ஓர் இடைவெளி இருந்தது: கருவி ஏறு என்கிறது, அதே நேரம் கட்டுப்பாட்டாளர் இறங்கு என்கிறார், யார் சொல்வதைக் கேட்பது? 2001 ஜனவரி 31 அன்று ஜப்பானின் யைசு அருகே இந்தக் கேள்வி எழுந்தது. 677 பேரைச் சுமந்த இரண்டு பெரிய விமானங்களில் ஒன்று கருவியைக் கேட்டது, மற்றது கட்டுப்பாட்டாளரைக் கேட்டது. இரண்டும் சேர்ந்தே இறங்கின. கடைசி நொடியில் ஒருவர் விமானத்தைக் கண்ணால் பார்த்துத் திருப்பியதால் மோதவில்லை. கருவியின் சொல்லுக்கே முதலிடம் என்று உலக விதியைத் தெளிவாக்க வேண்டும் என்று ஜப்பான் சர்வதேச அமைப்பைக் கேட்டுக்கொண்டது. விதி மாறவில்லை. 2002 ஜூலை 1 இரவு, ஜெர்மனியின் உபர்லிங்கன் நகருக்கு மேலே ரஷ்யப் பயணிகள் விமானமும் ஒரு சரக்கு விமானமும் அதே முறையில் மோதின. ரஷ்ய விமானத்தின் கருவி ஏறச் சொல்லியது, ஒரே ஆளாக இரண்டு திரைகளைக் கவனித்துக்கொண்டிருந்த கட்டுப்பாட்டாளர் இறங்கச் சொன்னார், விமானிகள் இறங்கினார்கள். இறந்த 71 பேரில் 45 பேர் பள்ளிப் பிள்ளைகள். கருவி சொல்வதையே பின்பற்ற வேண்டும் என்று 2003இல் விதி தெளிவானது. யைசுவுக்கும் உபர்லிங்கனுக்கும் நடுவே பதினேழு மாதம் இருந்தது.

ஏர் பிரான்ஸ் 447 விமானத்தில் இடைவெளி இன்னும் குறுகியது. வேகத்தை அளக்கும் குழாய்கள் உயரத்தில் பனிக்கட்டியால் அடைபடுவது முன்பே பல விமானங்களில் நடந்து, குழாய்களை மாற்ற முடிவு செய்திருந்தார்கள். புதிய குழாய்களின் முதல் தொகுதி 2009 மே 26 அன்று வந்தது. ஜூன் 1 அன்று 228 பேரோடு அந்த விமானம் அட்லாண்டிக்கில் விழுந்தது. குழாய்கள் அடைபட்டது சிறிது நேரம்தான். அந்தத் திகைப்பில் விமானத்தின் மூக்கைத் தூக்கியே வைத்திருந்ததால் இறக்கைகள் தாங்கும் விசையை இழந்தன. பதிவுக் கருவிகள் கிடைக்க இரண்டு ஆண்டு ஆனது. கடலடியில் அவை எழுப்பும் ஒலி 30 நாளுக்குப் பதில் 90 நாள் நீடிக்க வேண்டும் என்ற விதி அதன் விளைவு.

இவ்வளவும் கற்ற பிறகு, 2018இல் டிசி-10இன் கதை ஏறக்குறைய அப்படியே திரும்பியது. போயிங் 737 மேக்ஸ் விமானத்தின் புதிய எஞ்சின்கள் பெரியவை, முன்தள்ளிப் பொருத்தப்பட்டவை. அதனால் சில நிலைகளில் மூக்கு மேலே எழும் போக்கு உண்டு. அதைச் சரிசெய்ய, மூக்கைத் தானாகக் கீழே தள்ளும் மென்பொருளைச் சேர்த்தார்கள். காற்றை விமானம் எதிர்கொள்ளும் கோணத்தை அளக்கும் உணரிகள் இரண்டு இருந்தும் அந்த மென்பொருள் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே நம்பியது. விமானிகளின் கையேட்டில் அதைப் பற்றிய விளக்கமே இல்லை.

2018 அக்டோபர் 28 இரவு, பாலியிலிருந்து ஜகார்த்தாவுக்குப் பறந்த லயன் ஏர் விமானத்தில் உணரி தவறான கோணத்தைக் காட்ட, மென்பொருள் மூக்கைக் கீழே தள்ளத் தொடங்கியது. விமானி அறையில் கூடுதலாக ஒரு விமானி அமர்ந்திருந்தார். மூவருமாகச் சமாளித்து, வால் இறக்கையை இயக்கும் மின்சாரத்தைத் துண்டித்து, பத்திரமாக இறங்கினார்கள். ஆனால் பராமரிப்புக் குறிப்பேட்டில் அந்தப் போராட்டம் முழுமையாகப் பதிவாகவில்லை. எச்சரிக்கை விளக்குகள் சில எரிந்ததாக மட்டுமே எழுதப்பட்டது. மறுநாள் காலை அதே விமானம் வேறு விமானிகளோடு கிளம்பி ஜாவா கடலில் விழுந்தது. 189 பேர் இறந்தார்கள். மென்பொருளைத் திருத்தாவிட்டால் இந்த விமான வகையின் ஆயுளில் இன்னும் பதினைந்து விபத்துகள் வரை நடக்கலாம் என்று அமெரிக்க விமான நிர்வாகத்தின் உள் மதிப்பீடே சொன்னது. விமானங்கள் பறந்துகொண்டே இருந்தன. 2019 மார்ச் 10 அன்று அடிஸ் அபாபாவிலிருந்து கிளம்பிய எத்தியோப்பிய விமானம் விழுந்து 157 பேர் இறந்தனர். அந்த விமானிகள், லயன் ஏருக்குப் பிறகு வந்த சுற்றறிக்கையின்படி மின்சாரத்தைத் துண்டித்தும் பார்த்தார்கள். வால் இறக்கையைக் கையால் திருப்பும் சக்கரத்தை அந்த அதிவேகத்தில் சுழற்ற அவர்களால் முடியவில்லை. இரண்டு விபத்துகளிலும் இறந்தவர்கள் மொத்தம் 346 பேர். எர்மெனான்வில் காட்டில் இறந்தவர்களின் எண்ணிக்கையும் அதுதான். தற்செயலான ஒற்றுமை என்று தெரிந்தும் அந்த எண்ணைக் கடந்துபோக என்னால் முடியவில்லை.

விழுந்த பிறகும் உயிர் பிழைக்க முடியும் என்பது தனி வரலாறு. 1985 ஆகஸ்டில் மான்செஸ்டரில் புறப்படும் ஓட்டத்திலேயே எஞ்சின் வெடித்து ஒரு விமானம் தீப்பிடித்தது. அது பறக்கவே இல்லை, ஓடுபாதைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது. அப்படியும் 55 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் நச்சுப் புகையால். பிறகு பேராசிரியர் ஹெலன் மியூர் தன்னார்வலர்களை விமானத்துக்குள் அமர்த்தி வெளியேறச் செய்து பார்த்தார். முதலில் வெளியேறும் பாதிப் பேருக்குக் கூடுதல் பணம் என்று அறிவித்ததும், அமைதியான சோதனைகளில் தெரியாத நெரிசல் தெரிந்தது. இறக்கைக்கு மேலுள்ள வழிகளின் அருகே இருக்கை இடைவெளி அதிகரித்ததும், எளிதில் எரியாத இருக்கைத் துணிகளும், புகையில் வழிகாட்டும் தரை விளக்குகளும் அந்தக் காலத்து விபத்துகளிலிருந்து வந்தவை. பாதி வாசல்களை மட்டும் பயன்படுத்தி 90 விநாடிக்குள் எல்லோரும் வெளியேற முடியும் என்று நிரூபித்தால்தான் ஒரு புதிய விமானத்துக்கு அனுமதி. ஏ380 விமானத்தின் சோதனையில் 873 பேர் 78 விநாடியில் வெளியேறினார்கள்.

520 பேரை இழந்த ஜப்பான் ஏர்லைன்ஸ், அந்த 747இன் வெடித்த பின்சுவரையும் மற்றச் சிதறல்களையும் ஹனேடா விமான நிலையத்தில் ஒரு மையம் அமைத்துக் காட்சிக்கு வைத்திருக்கிறது. ஊழியர்கள் பயிற்சியின் பகுதியாக அங்கே போய் அவற்றின் முன் நிற்கிறார்கள். 2024 ஜனவரி 2 மாலை, அதே ஹனேடாவின் ஓடுபாதையில் இறங்கிய அந்த நிறுவனத்தின் ஏ350 விமானம், அங்கே நின்றிருந்த கடலோரக் காவல் படை விமானத்தின் மீது மோதி எரிந்தபடி ஓடி நின்றது. உள் ஒலிபெருக்கி வேலை செய்யவில்லை. ஊழியர்கள் கைப்பிடி ஒலிபெருக்கியிலும் வெறும் குரலிலும் பேசி, எட்டு வாசல்களில் பாதுகாப்பான மூன்றைத் தேர்ந்து திறந்தார்கள். பயணிகள் பைகளை விட்டுவிட்டுச் சறுக்கி இறங்கினார்கள். கேப்டன் கடைசியாக இறங்கியபோது பதினெட்டு நிமிடம் ஆகியிருந்தது. 379 பேரும் உயிரோடு இருந்தார்கள்.

சிறிய விமானத்தில் இருந்த ஆறு பேரில் ஐவர் இறந்தனர். முந்தைய நாள் நோட்டோ தீபகற்பத்தை உலுக்கிய நிலநடுக்கத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்கு நிவாரணப் பொருள் கொண்டுசெல்லக் கிளம்பியவர்கள் அவர்கள். ஓடுபாதைக்கு வெளியே நிற்கும் இடம் வரை வரும்படி சொன்ன கட்டுப்பாட்டாளர், வரிசையில் நீங்கள் முதலாவது என்றும் சொன்னார். அதை ஓடுபாதைக்குள் நுழைய அனுமதி என்று அந்தக் கேப்டன் எடுத்துக்கொண்டார். சுமார் 40 விநாடி அவர்கள் ஓடுபாதையில் நின்றார்கள். ஓடுபாதையில் ஒரு விமானம் நிற்கிறது என்று கட்டுப்பாட்டு அறையின் திரை நிறம் மாறிக் காட்டியது, யாரும் கவனிக்கவில்லை. வரிசை எண்ணைச் சொல்லும் வழக்கம் விபத்துக்குப் பிறகு நிறுத்திவைக்கப்பட்டது. நான்கு நாள் கழித்து, ஜனவரி 6 முதல், அந்தத் திரையை மட்டும் இடைவிடாமல் பார்த்துக்கொண்டிருக்கத் தனியாக ஓர் ஆள் அமர்த்தப்பட்டார்.